அந்தியும் விளக்கும்

மாலைப் பொழுதில் விளக்கேற்றுதல் தமிழ் மக்கள் தொன்றுதொட்டுப் போற்றிவரும் வழக்கம். விளக்கை எப்பொழுது ஏற்றுவது என்னும் வினாவிற்குப் பண்டை நாளில் விடை எளிதாக இருந்தது. கதிரவன் மறைந்து ஒளி குன்றியதும் வீட்டில் விளக்கு ஏறியது. மின்விளக்கும் கடிகாரமும் வந்த பின்னர் அவ்வினா சற்றுக் கடினமாயிற்று. கடிகாரத்தில் ஆறு மணி ஆண்டு முழுவதும் ஆறு மணியே. அந்தியோ ஆண்டு முழுவதும் ஒரே மணியில் வருவதில்லை. இவ்விரண்டையும் பொருத்தும் வகையை ஓர் ஊரைச் சான்றாகக் கொண்டு அறிதல் எளிது. அவ்வூர் திருவண்ணாமலை.

திருவண்ணாமலை நகரை ஒட்டி நிற்கும் மலை, கடல்மட்டத்திற்கு மேல் 800 மீட்டருக்கும் மிகுந்த உயரமுடையது. அதன் கிழக்கு அடியில் அண்ணாமலையார் திருக்கோயில் அமைந்துள்ளது. செங்கம் சாலை வழியாக மேற்கு நோக்கிச் சென்றால், மலையின் தென்புற அடியில் ரமணாசிரமத்தைக் காணலாம். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பதினாறு வயது இளைஞராக இவ்வூருக்கு வந்த ரமணர், 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மறையும் வரையில் இங்கேயே வாழ்ந்தார். 1922-இல் அவருடைய அன்னையார் மறைந்தபின், அவ்வம்மையாரை அடக்கம் செய்த இடத்தைச் சூழ்ந்து ஆசிரமம் வளர்ந்தது. இப்பொழுது அதனைச் சுற்றிலும் வீடுகளும் விடுதிகளும் தோட்டங்களும் பெருகியுள்ளன. மரச் செறிவும் மயில்களின் நடமாட்டமும் உடைய பகுதி இது. மலையை வலம் வருவதற்குரிய ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள வழியும் ஆசிரமத்தின் முன்னே செல்கின்றது. வலம் வருவோருள் பலர் வெறுங்காலுடன் நடப்பர். ஆகவே, இப்பகுதியில் அந்தி நேரத்து விளக்கு அழகிற்காக மட்டும் எரிவதன்று. நடப்போர் காலுக்குக் காவலாகவும் எரிவது.

இங்கே ஒருவர் தம் தோட்டத்து விளக்குகளைத் தாமே எரியச் செய்ய விரும்பி, டைமர் என்று வழங்கப்படும் நேர விசையை நவம்பர் மாதத்தில் வாங்கிப் பொருத்தினார் எனக் கொள்வோம். மாலை 6 மணிக்கு விளக்கு எரியுமாறு அதனை அமைத்தார். அவ்வமைப்பு அப்பொழுது மிகவும் பொருத்தமானதே. நவம்பர் நடுவில் திருவண்ணாமலையில் கதிரவன் ஏறத்தாழ 5.45 மணிக்கு மறைகின்றது. பதினைந்து நிமிடம் கழித்து, ஒளி மங்கும் வேளையில், விளக்குகள் எரிகின்றன. ஆனால், ஜூலை நடுவில் கதிரவன் மறையும் நேரம் ஏறத்தாழ 6.43 மணி. அப்பொழுதும் அவ்விளக்குகள் 6 மணிக்கே எரிந்தால், பட்டப்பகலில் எரியும் விளக்காகவே முடியும். அது கண்ட அவர் ஜூலையில் நேரத்தை 7 மணிக்கு மாற்றினார். பின்னர் அதனை மறந்துவிட்டார். மீண்டும் நவம்பர் வந்தது. 5.45 மணிக்குக் கதிரவன் மறைந்தது, 6.10 மணிக்குள் இருள் சூழ்ந்தது. விளக்கோ 7 மணி வரையில் எரியவில்லை. அதுவோ வடகிழக்குப் பருவமழைக் காலம். பாதையில் நீர் தேங்கியிருக்கும்; பாம்பும் தேளும் வெளிவரும். விளக்கு மிகவும் வேண்டப்படும் அந்த ஐம்பது நிமிடமும் தோட்டம் இருளில் கிடந்தது.

முந்திய பிழையால் பொருள் வீணாகின்றது. பிந்திய பிழையால் உயிருக்கே இடர் நேரலாம். பொருள் வீணாவதும் சிறிதென்று தள்ளத்தக்கதன்று. ஆண்டு முழுவதும் 6 மணிக்கே விளக்கை எரியவிட்டால், சராசரியாக நாளொன்றுக்கு அரைமணி நேரம் அது வீணாக எரியும். ஒவ்வொன்றும் 40 வாட் ஆற்றல் கொள்ளும் நூறு விளக்குகள் ஒரு தெருவில் இருப்பின், அரைமணி நேரத்தில் செலவாகும் மின்சாரம் 2 யூனிட். ஓராண்டில் 730 யூனிட். தெருக்கள் பலவாயின் இழப்பும் பல மடங்காகும்.

அந்தி இவ்வாறு இடம் பெயர்வதற்குக் காரணம் யாது? நிலவுலகம் தன் அச்சில் ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்த நிலையில் கதிரவனைச் சுற்றி வருகின்றது. அதனால் ஆண்டின் ஒரு பாதியில் வடபுலத்தில் பகல் நீள்கின்றது, மறுபாதியில் குறுகுகின்றது. திருவண்ணாமலை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12¼ பாகையில் உள்ளது. இங்கு ஜூன் மாதத்து நெடும்பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடமும், டிசம்பர் மாதத்துக் குறும்பகல் ஏறத்தாழ 11 மணி 24 நிமிடமும் ஆகும். வடக்கே செல்லச் செல்ல இவ்வேறுபாடு மிகும். லண்டன் நகரில் கோடையில் கதிரவன் மறைவது கடிகாரப்படி இரவு 9 மணிக்குப் பின்னர். குளிர்காலத்திலோ மாலை 4 மணிக்கு முன்னர். அந்நகரோடு ஒப்பிட்டால் நம் நாட்டு அந்தி அடக்கமுடையதே. எனினும், ஆண்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அது முன்னும் பின்னும் செல்கின்றது.

பகலின் நீளம் ஒன்றே இதற்குக் காரணமாயின், டிசம்பர் 22-ஆம் நாளை ஒட்டிய குறும்பகலிலேதான் கதிரவன் மிக விரைவில் மறைதல் வேண்டும். ஆனால், அந்நாளில் மறையும் நேரம் ஏறத்தாழ 5.54 மணி. மிக விரைவாக மறைவது அதற்கு ஒரு திங்கள் முன்னரேயாம். இது வியப்பாகத் தோன்றலாம். நிலவுலகின் பாதை சரியான வட்டமன்று, அச்சும் சாய்ந்துள்ளது. அதனால் கதிரவன் உச்சிக்கு வரும் நேரம் நாள்தோறும் சிறிது மாறுகின்றது. திருவண்ணாமலையில் நவம்பர் தொடக்கத்தில் 11.57 மணி அளவிலும், பிப்ரவரி நடுவில் 12.28 மணி அளவிலும் கதிரவன் உச்சியை அடைகின்றது. உச்சிப்பொழுது முந்தினால் அந்தியும் முந்தும். பிந்தினால் அந்தியும் பிந்தும். பகலும் இரவும் ஒத்திருக்கும் மார்ச் 21-ஆம் நாளில் 6.24 மணிக்கு மறையும் கதிரவன், அவ்வாறே ஒத்திருக்கும் செப்டம்பர் 23-ஆம் நாளில் 6.10 மணிக்கு மறைவது இதனாலேயாம்.

மாற்றம் எல்லாத் திங்களிலும் ஒரே அளவாக நிகழ்வதும் இல்லை. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையில் அந்தி இரண்டொரு நிமிடங்களே நகர்கின்றது. செப்டம்பர் மாதத்திலோ முதல் நாள் 6.24 மணிக்கு மறையும் கதிரவன் இறுதி நாளில் 6.05 மணிக்கே மறைகின்றது. ஆகவே, நேர விசையைக் கையால் திருத்துவோர் வேனிற் காலத்தில் சற்று அயர்ந்திருப்பினும் குறையில்லை. ஆகஸ்டு நடுவிலிருந்து அக்டோபர் நடு வரையில் வாரம் ஒருமுறை திருத்துதல் வேண்டும்.

கதிரவன் மறைந்த உடனே இருள் வந்துவிடுவதில்லை. அடிவானத்தின் கீழே சென்ற பின்னரும் அதன் ஒளி வானத்திற் படிந்து சிதறி நிலத்திற்கு வருகின்றது. இதுவே அந்தியொளி. நம் நாட்டில் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாகக் கீழிறங்குவதால், இருபது நிமிடத்திற்குச் சற்று மேல் சென்றதும் வழி தெளிவாகத் தெரிவதில்லை. ஆதலின், கதிரவன் மறைந்து பத்து அல்லது பதினைந்து நிமிடம் கழித்து விளக்கேற்றுதல் தக்கது. மலையடியில் வாழ்வோர் மற்றொன்றையும் நினைவில் வைத்தல் வேண்டும். மலையின் கிழக்கே உள்ள தெருக்களில், கதிரவன் அடிவானத்தை அடையுமுன்னரே மலைக்குப் பின்னே ஒளிந்துகொள்கின்றது. ஆனால், அப்பொழுது வானம் ஒளியுடனேயே இருக்கும். அதற்கு மாறாக, கார்மேகம் கவிந்த நாளில் கதிரவன் மறையுமுன்னரே இருள் வந்துவிடும். எனவே, விளக்கேற்றுவோர் நோக்க வேண்டுவது கடிகாரத்தை மட்டுமன்று, கதிரவனை மட்டுமன்று, நிலத்தில் படியும் ஒளியின் அளவையே நோக்குதல் வேண்டும்.

பழந்தமிழ் மகளிர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் ஒரு மழைக்கால மாலையைக் காட்டுகின்றார். வானம் மூடியிருந்தமையால் பொழுது சாய்ந்ததா இல்லையா என்பது தெரியவில்லை. தட்டில் பறித்து வைத்திருந்த பிச்சி அரும்புகள் இதழ் விரிந்து மணம் கமழ்ந்தன. அம்மணத்தால் மாலை வந்ததென அறிந்த மகளிர், இரும்பு விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி வழிபட்டனர். கடிகாரம் இல்லாத காலத்தில், முகிலால் மறைக்க முடியாத கடிகாரம் ஒன்று அவர்கள் கையில் மலராக இருந்தது.

மலர் செய்த அப்பணியை ஒரு கருவியைக் கொண்டு செய்வித்த பெருமை சுவீடன் நாட்டுப் பொறியியல் அறிஞர் குஸ்தாவ் டாலேன் என்பாரைச் சாரும். கடலில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்குகளை நாள்தோறும் ஏற்றவும் அணைக்கவும், தனித்த பாறைகளிலும் தீவுகளிலும் மனிதர் வாழவேண்டியிருந்தது. டாலேன் 1907-ஆம் ஆண்டில் சூரிய வால்வு என்னும் கருவியை அமைத்தார். அதன் நடுவே கரிய கோல் ஒன்றும், சுற்றிலும் பளபளப்பாக்கப்பட்ட கோல்கள் மூன்றும் இருந்தன. பகலில் கரிய கோல் ஒளியை மிகுதியாக உட்கொண்டு, வெப்பத்தால் நீண்டு, விளக்கிற்குச் செல்லும் வாயுவைத் தடுத்தது. ஒளி குன்றியதும் அது சுருங்கி வழி திறந்தது, விளக்கு எரிந்தது. முகில் மூடிய நாளிலும், நெடிய இரவிலும், குறுகிய இரவிலும் அது தன் கடமையைத் தவறாது செய்தது. 1912-ஆம் ஆண்டில் வாயுக் கலன்களைச் சோதிக்கும்போது நேர்ந்த வெடிவிபத்தில் டாலேன் தம் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். அவ்வாண்டே அவருக்கு இயற்பியல் துறைக்குரிய நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அதனை அவர் சார்பில் அவருடைய தமையனார் சென்று பெற்றுவந்தார். ஒளியிழந்த பின்னரும் மனம் தளராது, 1937-இல் இறக்கும் வரையில் தம் தொழிலகத்தை அவர் நடத்தி வந்தார். அவர் காணாத விளக்குகள் கடலிற் செல்வோர் கண்ணுக்குத் துணையாயின.

இக்காலத்துத் தெரு விளக்குகளிலும் தோட்ட விளக்குகளிலும் பொருத்தப்படும் ஒளியுணர் கருவிகள் அதே கருத்தை மின்சாரத்தால் நிறைவேற்றுகின்றன. இவற்றை மக்கள் சென்சார் என்பர். ஒளி படும்போது மின்னோட்டத்திற்கு எளிதில் வழிவிட்டு, இருளில் தடுக்கும் பொருள்கள் இவற்றுள் உள்ளன. இக்கருவியை வைக்கும் இடத்தில் கருத்து வேண்டும். அடர்ந்த மரத்தின் கீழ் வைத்தால் பகலிலும் விளக்கு எரியும். விளக்கின் ஒளியே அதன்மேல் படுமாறு வைத்தால், விளக்கு எரிந்ததும் பகல் வந்ததென மயங்கி அணைக்கும். அணைந்ததும் மீண்டும் எரிக்கும். தூசி படிந்தாலும் பிழை நேரும். மற்றொரு வகைக் கருவி, ஊரின் இருப்பிடத்தையும் நாளையும் கொண்டு அந்தி நேரத்தைத் தானே கணக்கிடுகின்றது. அது அந்தியை வழுவாது அறியும். மழை முகிலை அறியாது.

விளக்கை ஏற்றும் பொழுதைப் போலவே அதனை அணைக்கும் பொழுதும் கருதத்தக்கது. இரவு முழுவதும் எரியும் விளக்கைச் சுற்றிச் சுழலும் பூச்சிகள் உணவு தேடாமலும் இனம் பெருக்காமலும் மடிகின்றன. மின்மினிகள் ஒன்றையொன்று அழைக்கும் ஒளி, செயற்கை ஒளியில் மங்கிவிடுகின்றது. மரங்களில் அடையும் மயில் முதலிய பறவைகளுக்கும் இருள் வேண்டும். ஆட்கள் நடமாட்டம் ஓய்ந்தபின் தேவையற்ற விளக்குகளை அணைப்பதும், எரிபவற்றின் ஒளி தரையை மட்டும் நோக்குமாறு மூடி அமைப்பதும் நன்று. 19-ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டு நகரங்கள் பலவற்றில் நிலவு நன்றாகக் காயும் இரவுகளில் தெரு விளக்குகளை ஏற்றாமல் விடுவது வழக்கமாக இருந்தது.

திருவண்ணாமலையில் ஆண்டுதோறும் ஏற்றப்பெறும் பெருவிளக்கு ஒன்று உண்டு. கார்த்திகைத் திங்களில், தீபத் திருநாளன்று மாலை 6 மணிக்கு மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகின்றது. அதனைக் கண்ட பின்னரே ஊரில் உள்ள இல்லங்களில் அகல் விளக்குகள் ஏறும். 2023-இல் அத்திருநாள் நவம்பர் 26-ஆம் நாளிலும், 2024-இல் டிசம்பர் 13-ஆம் நாளிலும் வந்தது. இவ்விரு நாள்களிலும் கதிரவன் மறைந்தது 5.45 மணிக்கும் 5.50 மணிக்கும் இடையிலேயாம். கதிரவன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழிந்து, வானம் மங்கும் பொழுதில் மலைமேல் சுடர் எழுகின்றது. அந்த ஆறு மணி கார்த்திகைக்கு உரிய ஆறு மணி. ஆடித் திங்களில் அதே நேரத்தில் ஏற்றினால் வெயிலில் அச்சுடர் யார் கண்ணுக்கும் புலப்படாது.

மாணவர் ஒருவர் வாரம் ஒருமுறை தம் ஊரில் கதிரவன் மறையும் நேரத்தையும், வழி தெரியாமல் இருளும் நேரத்தையும் ஒரு சுவடியில் குறித்து வருவாராயின், ஓராண்டில் தம் ஊர் அந்தியின் போக்கை முழுதும் அறிந்துகொள்வார். தம் பள்ளியிலோ தெருவிலோ விளக்கு முந்தி எரிவதையும் பிந்தி எரிவதையும் கணக்குடன் எடுத்துரைக்க அவரால் இயலும். வீணாகும் மின்சாரம் மிஞ்சும். இருளில் வரும் வழிப்போக்கரின் அடுத்த அடிக்கு ஒளி கிடைக்கும்.