மேடையில் சொல்லும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆப்பிளுக்குக் கொடுக்க வேண்டிய 100 கோடி டாலரை சாம்சங் 30 லாரிகளில் ஐந்து சென்ட் நாணயங்களாகக் கொட்டி அனுப்பிவிட்டது என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2012இல் கிளம்பிய கதை அது. போட்டியாளரைச் சமாளிக்கும் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்ல வசதியானது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கேட்பவர்களில் ஒருவர் கைபேசியை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டால் போதும், அடுத்த ஸ்லைடில் நீங்கள் காட்டும் விற்பனை எண்ணையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். நேர்காணலிலோ வாடிக்கையாளர் முன்னிலையிலோ அப்படி நடந்தால் இழப்பு இன்னும் பெரிது.

அந்தக் கணக்கை இப்போதே போட்டுவிடலாம். ஒரு டாலருக்கு 20 ஐந்து சென்ட் நாணயம். 100 கோடி டாலருக்கு 2,000 கோடி நாணயம். ஒரு நாணயத்தின் எடை 5 கிராம். ஆக மொத்தம் 1 லட்சம் டன். லாரிக்கு 20 டன் ஏற்றினாலும் 5,000 லாரி வேண்டும். கதையில் வரும் 30 லாரிகளில் ஏறக்கூடியது வெறும் 60 லட்சம் டாலர்தான். இந்தக் கணக்குக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அடுத்து தேதியைப் பாருங்கள். சாம்சங் மீது ஆப்பிள் தொடுத்த காப்புரிமை வழக்கில் கலிஃபோர்னியா நீதிமன்ற ஜூரி சுமார் 105 கோடி டாலர் இழப்பீடு என்று சொன்னது 2012 ஆகஸ்ட் 24 அன்று. நாணயக் கதை அதன் சூடு ஆறும் முன்பே பரவிவிட்டது. ஜூரி சொன்னதும் பணம் கைமாறிவிடாது. அதற்குப் பிறகு நீதிபதியின் இறுதி உத்தரவு, மேல்முறையீடு என்று வரிசையாக இருக்கின்றன. 2013 மார்ச்சில் நீதிபதி லூசி கோ அந்தத் தொகையில் ஏறக்குறைய 45 கோடி டாலரை விலக்கி, அந்தப் பகுதிக்கு மறுவிசாரணை வேண்டும் என்றார். சாம்சங் 54.8 கோடி டாலர் கட்டியது 2015 டிசம்பரில். 2018இல்தான் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. லாரிகள் கிளம்பியதாகச் சொல்லப்படும் நாளில் அனுப்புவதற்குப் பணமே இல்லை. கதை பொய். "நெருப்பில்லாமல் புகையுமா" என்று யாராவது கேட்டால், வழக்கு உண்மை, லாரி பொய் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

நம்ப முடியாதபடி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கதையைத் தள்ளிவிடவும் கூடாது. 1997 செப்டம்பர் 30 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4ஐ வெளியிட்டது. அன்று இரவே மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் தங்கள் பிரவுசரின் அடையாளமான 'இ' எழுத்தைப் பெரிய சிலையாக எடுத்துப்போய், மவுன்டன் வியூவில் இருந்த போட்டி நிறுவனமான நெட்ஸ்கேப்பின் புல்வெளியில் வைத்துவிட்டு வந்தார்கள். நெட்ஸ்கேப்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சிலையைக் கீழே தள்ளி, அதன்மேல் தங்கள் சின்னமான மோஸில்லா டைனோசரை ஏற்றி நிறுத்தினார்கள். டைனோசரிடம் ஒரு பலகை: நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18. அன்றைய பிரவுசர் சந்தையில் இருவருக்கும் இருந்த பங்கு அது.

சினிமாக் காட்சி போலத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் இதைத் தயங்காமல் சொல்வேன். குறும்பு செய்தவர்களும் அதற்கு ஆளானவர்களும் ஒரே சம்பவத்தைத்தான் சொல்கிறார்கள். இரு தரப்பும் பரம எதிரிகள், பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. விழுந்து கிடக்கும் சிலையோடு எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. அந்த வாரமே செய்தியும் வந்தது. ஒரு பழைய குறும்புக் கதை கையில் வந்தால் நான் முதலில் தேடுவது எதிர்த்தரப்பின் வார்த்தையைத்தான். "ஒரு நிறுவனத்தில் ஒரு மேனேஜரை" என்று தொடங்கி ஊரும் பேரும் இல்லாமல் ஓடும் கதையில் எதிர்த்தரப்பையே தேட முடியாது. அப்படிப்பட்டதைத் தொடாமல் விடுவதே நல்லது.

பெரும்பாலான கதைகள் முழுப் பொய்யாகவும் இருக்காது, முழு உண்மையாகவும் இருக்காது. இங்கேதான் பொறுமை வேண்டும். ஆப்பிளின் ஸ்டீவ் வாஸ்னியாக் செய்த ஸால்டேர் குறும்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் ஃபேர் கண்காட்சியில் ஆப்பிள் 2 அறிமுகமானது. அதே கண்காட்சியில் ஸால்டேர் என்ற புதுக் கணினியைப் பற்றிய துண்டறிக்கைகள் கிடந்தன. ஆல்டேர் கணினியைத் தயாரித்த எம்.ஐ.டி.எஸ். நிறுவனம் வெளியிட்டது போன்ற தோற்றம். அப்படி ஒரு கணினியே கிடையாது. எல்லாம் வாஸ்னியாக்கின் கைவேலை. ஸ்டீவ் ஜாப்ஸே அதை நம்பி, நமக்கு ஒரு போட்டி வந்துவிட்டது என்று கவலைப்பட்டார் என்றும், பல ஆண்டுகள் கழித்துத்தான் உண்மை அவருக்குத் தெரிந்தது என்றும் கதை போகும்.

இதைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். கண்காட்சி நடந்ததா? நடந்தது, அதில் சந்தேகமே இல்லை. துண்டறிக்கை இருந்ததா? இருந்தது, பிரதிகள் இன்றும் இருக்கின்றன. அதில் எம்.ஐ.டி.எஸ். தலைவர் சொன்னதாக ஒரு வாசகம் அச்சாகியிருக்கிறது. அதன் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் கோத்தால் 'பிராசஸர் டெக்னாலஜி' என்று வரும். அது இன்னொரு போட்டி நிறுவனத்தின் பெயர். பழி அங்கே போகட்டும் என்று வாஸ்னியாக் வைத்த பொறி. இதை யார் வேண்டுமானாலும் எழுத்துக்கூட்டிச் சரிபார்க்கலாம். குறும்பைச் செய்தது தான்தான் என்று அவரே 2006இல் வந்த தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் 20,000 பிரதி அச்சிட்டோம் என்ற எண்ணும், ஜாப்ஸ் முகம் எப்படிப் போனது, என்ன சொன்னார் என்பதும் பெரும்பாலும் வாஸ்னியாக்கின் வாய்மொழி. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல என் வாதம். பல ஆண்டுகள் கழித்துத் தன் சாகசத்தைத் தானே சொல்லும்போது யாரும் கொஞ்சம் கண், காது, மூக்கு வைத்துத்தான் சொல்வார்கள். அதனால் அந்தப் பகுதிக்கு வரும்போது "வாஸ்னியாக் சொல்வதன்படி" என்று இரண்டு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். கதையின் சுவை குறையாது, உங்களையும் யாரும் மடக்க முடியாது.

ஏப்ரல் 1 என்ற தேதியை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஜிமெயிலை அறிவித்தது. ஹாட்மெயில் 2 எம்பி இடம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் 1 ஜிபி இலவசம் என்றதும், இது முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் அறிவிப்பு உண்மை.

இனி அலுவலகத்தில் இதை எப்படிக் கையாள்வது? நேர்காணலில் கதை சொல்வதாக இருந்தால், குறுக்குக் கேள்வி வந்தாலும் பதில் சொல்லக்கூடிய ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேலாளரே கூட்டத்தில் நாணய லாரிக் கதையை எடுத்துவிட்டால், அங்கேயே எழுந்து திருத்தப் போகாதீர்கள். கூட்டம் முடிந்ததும் தனியாக, "சார், அந்த சாம்சங் கதையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 5,000 லாரி வருது. அதுக்குப் பதிலா நெட்ஸ்கேப் கதை போட்டோவோட இருக்கு, அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். தவறைச் சொல்லும்போதே மாற்றையும் கையில் கொடுத்தால் பெரும்பாலோர் கோபப்பட மாட்டார்கள்.

பயிற்சி தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஆண்டு, எந்த இடம், யார் சொன்னது என்ற மூன்றையும் ஸ்லைடின் அடியில் சிறிய எழுத்திலாவது போடுங்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நீங்கள் சொல்வதை அப்படியே நம்பி, அடுத்து சேரும் அலுவலகத்திலும் சொல்லப்போகிறார்கள்.