கவுனியின் கருமை வீணாகாமல் இருக்க…

கறுப்புக் கவுனி அரிசி ஊறிய தண்ணீர் கருஞ்சிவப்பாக இருக்கிறதா? அதைக் கொட்டினால் சத்தும் சேர்ந்தே போகும்.

1. தவிடு நீக்காத அரிசியாகப் பார்த்து வாங்குங்கள். நிறமும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சத்தும் தவிட்டில்தான் அதிகம்.

2. கசக்காமல் இரண்டு முறை அலசிவிட்டு ஊறவையுங்கள். ஆந்தோசயனின் என்ற நிறமி நீரில் கரையும்.

3. இரவு ஊறவைத்து, அந்த நீரிலேயே குக்கரில் வடிக்காமல் வேகவையுங்கள்; அரிசி மெத்தென்று வேகும், கரைந்த நிறமியும் சோற்றிலேயே தங்கும்.

4. கேழ்வரகுக்கும் இதே கதைதான்: மாவைச் சலித்துத் தவிட்டை எறியாதீர்கள். பாலிபீனால்கள் என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சத்துகள் பெரும்பாலும் மேல்தோலில் உள்ளன.

5. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து அரையுங்கள். இரும்பைச் சேரவிடாத பைட்டேட் குறைந்து இரும்புச்சத்து உடலில் எளிதாகச் சேரும்.

6. இரண்டையும் கொஞ்சமாக வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். தவிட்டின் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை வரும்.