மூன்று படி மாவு

கேள்வி: காலையில் வேதம் வாசிக்கிறேன், மீதிப் பொழுது அடுப்படியில் போய்விடுகிறது. அன்றாட வேலையிலும் விசுவாசப் பாடம் உண்டு என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லையே?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அடுப்படியில் நிற்பவர்களுக்குத்தான் மத்தேயு 13:33 சட்டென்று பிடிபடும். ஒரு பெண் மூன்று படி மாவுக்குள் புளித்த மாவை வைத்துப் புளிக்க விடுகிறாள். உவமை அவ்வளவுதான், ஒரே வசனம். ஆப்பத்துக்கு மாவு கரைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு இதை விளக்க வேண்டுமா? ராத்திரி மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் மாவு சீக்கிரம் பொங்கிவிடுமா என்ன!

ஆனால் ஒன்றைத் தமிழில் வாசிக்கும் நாம் தவறவிடுகிறோம். 'மூன்று படி' என்றதும் நம் வீட்டுப் படிதான் நினைவுக்கு வரும். கிரேக்க மூலத்தில் உள்ள அளவை அதைவிட மிகப் பெரியது. மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 40 லிட்டர். அது ஒரு குடும்பத்துச் சாப்பாடல்ல, ஊர்ப் பந்தி. ஆதியாகமம் 18-இல் மூன்று விருந்தாளிகளுக்காக ஆபிரகாம் சாராளைப் பிசையச் சொன்னதும் இதே மூன்று படிதான்.

அதற்காகக் கண்ணில் படும் பொருளிலெல்லாம் பாடத்தைப் பிழிந்தெடுக்க வேண்டாம் (பிரசங்கிகள் சிலருக்கு இந்தப் பழக்கம் உண்டு). இதே புளித்த மாவு மத்தேயு 16-இல் பரிசேயர், சதுசேயரின் உபதேசத்தைக் குறிக்கிறது. யாத்திராகமம் 12-ஓ பஸ்கா நாட்களில் அதை வீட்டைவிட்டே அகற்றச் சொல்கிறது. முதலில் வசனத்தை அதன் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். காலையில் மாவுச் சட்டியைத் திறக்கும்போது அது தானாக ஞாபகத்துக்கு வரும்.