பாட்டிக்கும் அதே மாத்திரையா?

இந்த வாரம் அறிவியல் பகுதிக்கு, எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தையே பாடமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு மயிலாப்பூரில். போன மார்கழியில் பாட்டிக்கு ஜலதோஷம். வயது 78. அப்பா போட்டுக்கொள்ளும் சளி மாத்திரையில் ஒன்றை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கே போய்விடுவார். பாட்டியோ ராத்திரி 2 மணிக்கு எழுந்து, "கோயில் மணி அடிச்சாச்சு, கிளம்பணும்" என்று தடுமாறி நடந்து, வாசற்படியில் விழப் பார்த்தார். நல்லவேளை, அம்மா பிடித்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் சொன்னார்: "மாத்திரை கெட்டது இல்லைம்மா. இந்த வயசுக்கு அது ஒத்துக்காது." ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், படித்ததும் இதோ:

1. உடம்பில் தண்ணீர் குறைகிறது, கொழுப்பு கூடுகிறது
வயதாக ஆக, கொழுப்பில் கரையும் மருந்துகள் உடம்பிலேயே தங்கிவிடும். டயாசிபாம் என்ற தூக்க மருந்தில் பாதி வெளியேற, 20 வயதில் சுமார் 20 மணி நேரம் ஆகும். 80 வயதில் சுமார் 80 மணி நேரம்! அதாவது மூன்று நாளுக்கும் மேல். தினமும் போட்டால் பழையதோடு புதியதும் சேர்ந்துகொண்டே போகும்.

2. கல்லீரல்
மருந்தை மாற்றி, வெளியேற்றத் தயார் செய்வது இதுதான். முதுமையில் இதற்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. வேலையும் மெதுவாகிறது.

3. சிறுநீரகம்
இதற்கு 1976-இல் வெளியான காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம் உண்டு (ஆண்களுக்கு):

(140 − வயது) × எடை ÷ (72 × கிரியேட்டினின்)

எடை 60 கிலோ, கிரியேட்டினின் 1 என்று வைத்துக்கொள்வோம்.
வயது 20: 120 × 60 ÷ 72 = 100
வயது 80: 60 × 60 ÷ 72 = 50

விடை, நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தம் சுத்தமாகிறது என்பது. கவனித்தீர்களா? ரத்தப் பரிசோதனையில் இருவருக்கும் கிரியேட்டினின் 1 தான். ஆனால் தாத்தாவின் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது! வயதானால் தசை குறைவதால் கிரியேட்டினின் உற்பத்தியும் குறையும். அதனால் 'ரிப்போர்ட் நார்மல்' என்று மட்டும் இருந்துவிடக் கூடாது.

4. மூளை
பல சளி மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமைன் நமக்குத் தூக்கம் தரும். முதியவர்களுக்குக் குழப்பமும் தள்ளாட்டமும் தரலாம். பாட்டிக்கு நடந்தது இதுதான்.

உங்களுக்குத் தெரியுமா?
சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இலேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. குழந்தைகளுக்குத் தனி டாக்டர் இருப்பதுபோல முதியவர்களுக்கும் உண்டு!

நாம் செய்ய வேண்டியவை
* நமக்கு வாங்கிய மாத்திரையைத் தாத்தா பாட்டிக்குக் கொடுக்கக் கூடாது.
* டாக்டரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். லேகியம், சூரணமும் சேர்த்துத்தான்.
* புது மாத்திரை ஆரம்பித்தபின் தள்ளாட்டமோ குழப்பமோ வந்தால், 'வயசாச்சு' என்று விடாமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
* டாக்டர் கொடுத்த மருந்தை நாமாக நிறுத்தவும் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் பாட்டியின் மாத்திரைப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் நீங்களும் எழுதுவீர்களா?

— 11-ஆம் வகுப்பு மாணவி, உயிரியல் பிரிவு