தயாராக வேண்டாத தேர்வா?

அமெரிக்காவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் சேர வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் ஆறுதல் இது: "இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. உங்களுக்கு என்ன தெரியும் என்று பார்க்கத்தான். படித்துவிட்டு வரத் தேவையில்லை." ஆக்யூபிளேசர் போன்ற வகுப்பு நிர்ணயத் தேர்வுகளைப் பற்றிய இந்தப் பேச்சில் முதல் பாதி உண்மை. 200-க்கும் 300-க்கும் இடையில் ஒரு மதிப்பெண் வரும். தோற்றவர் என்று யாருக்கும் பெயர் வராது. ஆனால் அந்த மதிப்பெண் கல்லூரி வகுத்த எல்லைக்குக் கீழே இருந்தால், பட்டப்படிப்புக்கான கணிதத்திலோ ஆங்கிலத்திலோ நேராகச் சேர முடியாமல் போகலாம். முதலில் அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். அவற்றுக்கும் கட்டணம் உண்டு. பொதுவாக அவை பட்டத்துக்கான கிரெடிட்டில் சேர்வதில்லை. மத்திய அரசின் கல்வி உதவியும் இத்தகைய பாடங்களில் 30 செமஸ்டர் கிரெடிட்டோடு நின்றுவிடும். தாமஸ் பெய்லியும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அடிப்படைப் பாடங்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் அந்த வரிசை முழுவதையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஏறத்தாழ 30 சதவீதத்தினர் அவற்றில் ஒன்றில்கூடச் சேரவில்லை. ஃபெயில் என்ற சொல் இல்லாத தேர்வுதான், ஆனால் அதன் முடிவோடு படிப்பே நின்றுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

"தெரிந்ததை அளக்கும் தேர்வுக்குப் படிப்பது ஏமாற்று அல்லவா?" என்று நேர்மையாகவே தயங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் இந்தத் தேர்வு நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஆக்யூபிளேசரின் எண்கணிதப் பகுதியில் இருப்பவை 20 கேள்விகள். ஒவ்வொரு பதிலையும் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். விட்டுவிட்டுப் பிறகு பார்க்கவோ, திரும்பிப் போய்த் திருத்தவோ வழியில்லை. சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. திரையில் ஒன்று சில கேள்விகளுக்கு மட்டும் தோன்றும். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருகிற ஒருவர் பின்னங்களைக் கூட்டும் முறையை மறந்திருப்பார். அதை மீட்டெடுக்க அவருக்குச் சில மாலைகள் போதும். தயாராகாமல் உட்கார்ந்தால் அவருடைய மறதியும் அறியாமையும் ஒரே மதிப்பெண்ணாகப் பதிவாகும். கற்கும் திறன் குறைந்தவர் என்று கல்லூரி அவரை எடுத்துக்கொள்வது எனக்கு அநியாயமாகவே படுகிறது. மறந்ததை மீட்டுக்கொண்டு போவதில் ஏமாற்று எதுவும் இல்லை. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. இன்னொன்று: பெரும்பாலான பகுதிகளுக்கு நேர வரம்பு கிடையாது. பள்ளித் தேர்வு தந்த பதற்றத்தில் அவசரமாக முடித்து எழுந்துவிடுகிறவர்கள் தங்களுக்கு உரிய நேரத்தை இழக்கிறார்கள்.

படித்துப் படித்து மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டவர், தாங்க முடியாத வகுப்பில் போய் விழ மாட்டாரா? நியாயமான கேள்வி. விடையை ஊகிக்கும் தந்திரங்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது நடக்கலாம். ஆனால் சதவீதத்தையும் நேரியல் சமன்பாட்டையும் போட்டுப் பழகியவர் அந்தப் பழக்கத்தோடுதான் வகுப்புக்குப் போகிறார். ஆய்வுகள் காட்டும் ஆபத்தும் எதிர்த்திசையில்தான் அதிகம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி கல்லூரி ஆய்வு மையத்தில் ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் முதலானோர் செய்த ஆய்வுகள், கணிதத் தேர்வு எழுதியவர்களில் சுமார் நால்வரில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரும் கடுமையாகத் தவறான இடத்தில் வைக்கப்பட்டதாக மதிப்பிட்டன. தகுதிக்கு மேலே அனுப்பப்பட்டவர்களைவிடக் கீழே தள்ளப்பட்டவர்களே அவர்களில் மிகுதி. கல்லூரி வகுப்பில் ஒருவர் தேறுவாரா என்பதைப் பள்ளி மதிப்பெண் சராசரி இந்தத் தேர்வைவிட நன்றாக முன்கணிக்கிறது என்றும் அவை கண்டன.

அப்படியானால் தேர்வையே ஒழிக்க வேண்டியதுதானே என்றால், பல இடங்களில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நான் அதை வரவேற்கிறேன். ஃபுளோரிடா 2013-இல் தன் அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலானோருக்கு விலக்கு அளித்தது. 2016-இல் ஏசிடி நிறுவனம் தன் காம்பஸ் தேர்வை நிறுத்தியது. கலிஃபோர்னியா 2017-இல் இயற்றிய சட்டம் பள்ளி மதிப்பெண்களை முன்னே வைத்தது. ஆனால் அடுத்த மாதம் டெக்சாஸில் கல்லூரி சேர இருப்பவருக்கு அந்த மாற்றங்களால் பலன் இல்லை. அங்கே 2021 முதல் டிஎஸ்ஐஏ2 என்ற வகுப்பு நிர்ணயத் தேர்வு நடைமுறையில் இருக்கிறது. தேர்வுக்கு முன் மாதிரிக் கேள்விகள் அடங்கிய ஒரு முன்பயிற்சியை முடித்தே ஆக வேண்டும் என்பது விதி. தயாரிப்பு தேவையில்லை என்ற பேச்சுக்கு அந்த மாநிலத்தின் விதியே மறுப்பு. எங்கே சேர்ந்தாலும் தேர்வுக்கு நாள் குறிப்பதற்கு முன் கல்லூரி ஆலோசகரிடம் மூன்றைக் கேட்க வேண்டும்: பள்ளி மதிப்பெண்களையோ எஸ்ஏடி மதிப்பெண்ணையோ காட்டி விலக்குப் பெற முடியுமா, எந்தெந்தப் பகுதிகளை எழுத வேண்டும், மறுபடி எழுத எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்.