துருவிலும் இருக்கிறது தொழில்

சித்தூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகளிடம் நானோ ஆராய்ச்சி என்று சொல்லிப் பாருங்கள். ‘அதுக்குக் கோடி ரூபா மெஷின் வேணுமே’ என்பார்கள். வேண்டும்தான், ஆனால் பிறகு. முதலில் வேண்டியது ஒரு கண்ணாடிக் குடுவை. இரும்பின் இருவகை உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கரைத்து அம்மோனியா விட்டால் கறுப்பாக ஒன்று படியும். மேக்னடைட். துருவுக்கு உறவுக்காரன். இதன் துகள் பத்து நானோமீட்டர் அளவில் இருந்தால், பக்கத்தில் காந்தம் இருக்கும் வரைதான் காந்தமாக இருக்கும், எடுத்தால் மறந்துவிடும். ஒலியிக் அமிலம் பூசி எண்ணெயில் கலந்தால் காந்தத்துக்கு ஆடும் திரவம் கிடைக்கும். 1963-இல் நாசாவின் ஸ்டீவ் பாபெல் ராக்கெட் எரிபொருளுக்காக யோசித்த சங்கதி இது.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப் குழு இந்தத் திரவத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. காந்தப்புலத்தில் துகள்கள் சங்கிலியாக நிற்க, திரவம் வெப்பத்தைப் பல மடங்கு கடத்துவதை 2007-இல் காட்டினார்கள். 2012-இல் வேறு கேள்வி: இரும்புத் தகட்டுக்குள் ஒளிந்த குறையைத் திரவத்தின் நிறமாற்றமே கண்ணுக்குக் காட்டிவிடுமா? காட்டியது. பொருளை மாற்றாமல் கேள்வியை மாற்றுகிற இந்த வித்தையை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தருவதில்லை.

நம் பக்கத்தில் யாருக்கு விருது வரும் என்பவர்களுக்குத் தலப்பில் பிரதீப்பைக் காட்டலாம். பாலக்காட்டை ஒட்டிய மலப்புரம் மாவட்டத்துப் பந்தாவூர்க்காரர். கோழிக்கோடு ஃபாரூக் கல்லூரியில் எம்.எஸ்சி., பெங்களூரில் முனைவர் பட்டம், பிறகு சென்னை ஐ.ஐ.டி. அவர் கையிலெடுத்ததும் இரும்புதான். காந்தத்துக்காக அல்ல, குடிநீரிலிருந்து ஆர்சனிக்கைப் பிடிக்க. 2008-இல் பட்நாகர் பரிசு, 2020-இல் பத்மஸ்ரீ.

இனி உங்கள் வழி. பி.எஸ்சி. முடிக்கும் ஆண்டில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ‘ஜாம்’ தேர்வு எழுதுங்கள். 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி.யிலேயே இயற்பியல், வேதியியல் எம்.எஸ்சி. உண்டு. அடுத்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்பலாம். நிரந்தர வேலைதான் முக்கியம் என்றால் அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளித் தேர்வைப் பாருங்கள். கல்பாக்கத்திலும் அந்தப் பள்ளி இருக்கிறது. படிக்கும்போதே மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் நிஜ ஆய்வகத்தில் கழியும்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுதுகிறீர்களா? ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். அவருடைய கட்டுரையில் ஒன்றைப் படித்து, புரியாத இடத்தைக் கேளுங்கள். தமிழ்வழிப் படிப்பு, ஆங்கிலம் தடுமாறும் என்ற கூச்சம் வேண்டாம். நல்ல கேள்விக்கு இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் அந்தக் கறுப்பு மேக்னடைட்டைச் செய்யும்போது குறிப்பேட்டில் எல்லாம் எழுதுங்கள்: எத்தனை முறை கழுவினீர்கள், எப்போது பழுப்பேறியது. நேர்முகத்தில் ‘ஏன் பழுப்பானது?’ என்று கேட்பார்கள். காற்றின் ஆக்சிஜன் அதை மேக்ஹமைட் என்ற வேறு ஆக்சைடாக்கிவிட்டது, அடுத்த முறை நைட்ரஜன் செலுத்திக்கொண்டே செய்தேன் என்று சொல்ல உங்களிடம் தேதி போட்ட பக்கம் இருக்க வேண்டும்.