பெரியவர்களின் குரலைப் பாதுகாப்போம்: கையடக்க ஒலிப்பதிவுக் கருவியைப் பயன்படுத்தும் முறை





வீட்டில் பெரியவர் ஒருவர் வஃபாத்தான பிறகு அவருடைய போட்டோ இருக்கிறது, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறது. குரல் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. "நன்னா எப்படிப் பேசுவார்கள்?" என்று பேரப்பிள்ளை கேட்டால் நம்மால் சொல்லத்தான் முடியும், கேட்கச் செய்ய முடியாது.

பதிவு செய்யப்பட்ட குரலோ தலைமுறை தாண்டி நிற்கிறது. 1961-ல் எகிப்தில் காரி மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி (ரஹ்) அவர்களின் ஓதலில் குர்ஆன் முழுவதும் ஒலிப்பதிவாக வெளிவந்தது. தஜ்வீத் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அதைக் கேட்டு நாவைத் திருத்திக்கொள்கிறார்கள். இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா 2015 ஏப்ரலில் நம்மைப் பிரிந்தார். இசைத்தட்டும் கேசட்டும் இருந்ததால் அவர் குரல் நம் வீடுகளில் இன்னும் ஒலிக்கிறது.

நம் ஊரிலும் பதிய வேண்டியது நிறைய உண்டு. கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து என்று தமிழ் முஸ்லிம்களுக்கே உரிய இலக்கிய வகைகள் இருக்கின்றன. பல வீடுகளில் இவற்றைப் பெண்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள். தாலாட்டுப் பாட்டுகளும் அப்படித்தான். எல்லாம் அச்சில் ஏறியவை அல்ல. விருத்தாசலத்துச் செராமிக் கூடங்களில் வேலை பார்த்தவர்களிடம் இன்னொரு கல்வி இருக்கிறது. களிமண் கரைசல் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எவ்வளவு நேரம் விட வேண்டும், சூளையின் நெருப்பைக் கண்ணால் பார்த்து எப்படிக் கணிப்பது என்பதெல்லாம் அவர்கள் வாயால் சொன்னால்தான் தெரியும்.

இதற்குப் பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் ரெக்கார்டர் போதும். சோனி, ஜூம், டாஸ்கம் என்று எந்தக் கம்பெனிக் கருவியானாலும் அடிப்படைப் பொத்தான்கள் ஏறத்தாழ ஒன்றுதான். பெரியவர் முன் உட்காரும் முன்பே அவற்றைக் கற்றுக்கொள்வோம்.

1. ரெக்கார்ட் பொத்தான்

சிவப்புப் புள்ளி உள்ள பொத்தான் இது. சில கருவிகளில் ஒரு முறை அழுத்தியதும் பதிவு தொடங்கிவிடும். வேறு சிலவற்றில் முதல் அழுத்தத்தில் கருவி தயார் நிலைக்கு மட்டும் வரும். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். இரண்டாம் முறை அழுத்தினால்தான் பதிவு ஓடும். எனவே விளக்கை மட்டும் நம்பக் கூடாது. திரையில் நேரம் விநாடி விநாடியாக நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் பதிவாகிறது, நின்றால் இல்லை.

2. ஹோல்ட்

பக்கவாட்டில் உள்ள சிறு தள்ளுவிசை இது. இதைத் தள்ளிவிட்டால் மற்றப் பொத்தான்கள் வேலை செய்யாது. பதிவு தொடங்கியதும் இதைப் போட்டுவிட்டால் கைபட்டு நின்றுபோகாது. புதிதாக வாங்கியவர்கள் "கருவி பழுது" என்று நினைப்பது பல நேரங்களில் ஹோல்ட் போட்டிருப்பதுதான்.

3. ஒலி அளவு

கருவிக்குள் குரல் எவ்வளவு பலமாக நுழைய வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. கருவியில் இதற்கு கெயின் அல்லது இன்புட் லெவல் என்று பெயர் இருக்கும். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டும் வால்யூம் பொத்தான் வேறு. அது பதிவை மாற்றாது.

பேசுபவரைச் சற்று உரக்கப் பேசச் சொல்லி, திரையில் உள்ள அளவுக்கோட்டைப் பாருங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்பது நல்லது. சிரிப்போ உணர்ச்சியோ வரும்போது மைனஸ் 6 வரை போகலாம். சுழியத்தைத் தொட்டால் குரல் கரகரத்து உடையும். பச்சை மண்ணைத் திருத்தலாம், சுட்டபின் திருத்த முடியாது என்பது நம் ஊருக்குத் தெரியும். உடைந்த பதிவும் அப்படியே. அளவு சற்றுக் குறைந்த பதிவைப் பிறகு உயர்த்திக்கொள்ள முடியும்.

ஆட்டோ லெவல் என்ற வசதி அளவைத் தானே மாற்றிக்கொள்ளும். அவசரத்துக்கு உதவும். ஆனால் பெரியவர் யோசித்து மௌனமாகும்போது அது அளவைக் கூட்டும். மின்விசிறிச் சத்தம் மேலெழும். நிதானமாகப் பதியும்போது அதை நிறுத்தி வைப்பதே மேல்.

4. லோ கட்

மின்விசிறி, மோட்டார், சாலையில் போகும் லாரி ஆகியவற்றின் தாழ்ந்த இரைச்சலைக் குறைக்கும் வசதி இது. சுமார் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை இது தணிக்கும். பேச்சின் தெளிவு இதனால் கெடுவதில்லை. பேச்சுப் பதிவுக்கு இதைப் போட்டே வையுங்கள்.

5. கோப்பு வகை

வேவ், எம்பி3 என இரண்டு வகை உண்டு. வேவ் ஒலியைச் சுருக்காமல் வைக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ அளவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி இடம் பிடிக்கும். 16 ஜிபி கார்டில் ஏறத்தாழ 25 மணி நேரம் கொள்ளும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பிதான். ஆனால் சுருக்கும்போது இழந்த ஒலி திரும்பக் கிடைக்காது. தெருமுனைக் கூட்ட அறிவிப்புக்கு எம்பி3 போதும். உம்மாவின் குரலுக்கு வேவ் வையுங்கள்.

6. தேதியும் பேட்டரியும்

பேட்டரி நீண்ட நாள் இல்லாமல் இருந்தால் கருவியின் கடிகாரம் பழைய நிலைக்குப் போய்விடலாம். கோப்பின் தேதி தவறாக விழும். முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள். மாற்று பேட்டரி கையில் வையுங்கள். பதிவு முடிந்ததும் ஸ்டாப் அழுத்தி, கோப்பு எழுதி முடியும் வரை பொறுங்கள். ஓடும்போதே பேட்டரியையோ கார்டையோ கழற்றினால் அந்தப் பதிவே போய்விடக் கூடும். ஃபார்மட் என்ற கட்டளை கார்டில் உள்ள அனைத்தையும் அழிக்கும். பிரதி எடுத்த பிறகே அதைத் தொட வேண்டும்.

கருவியை எங்கே வைப்பது?

வாயிலிருந்து ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் தூரத்தில், மூச்சுக்காற்று நேராகப் படாதபடி சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தூரம் இரு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். வெறும் மேசையில் வைக்காமல், மடித்த துண்டின் மேல் வைத்தால் தட்டும் சத்தம் ஏறாது. மின்விசிறியை நிறுத்த முடிந்தால் நிறுத்தலாம். வெயில் நேரத்தில் பெரியவர்களை வருத்த வேண்டாம். பஜ்ருக்குப் பின் உள்ள அமைதியான நேரமே இதற்கு ஏற்றது. ஜங்ஷன் பக்கம் குடியிருப்பவர்கள் ரயில் கடக்கும் வரை பேச்சை நிறுத்தி வையுங்கள். காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் இவை எல்லாம் உடனே தெரிந்துவிடும்.

ரெக்கார்டர் இல்லாதவர்கள் செல்போனிலேயே பதியலாம். அதை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு தடைபடும்.

முதல் அரை நிமிடம்

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியைக் கேட்டதும், யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற இஸ்னாதை ஆராய்ந்தார்கள். அந்த ஒழுங்கிலிருந்து நாம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பதிவு தொடங்கியதும் பேசுபவர் பெயர், அவருடைய அத்தா பெயர், கேட்பவர் பெயர், ஊர், தேதி ஆகியவற்றை வாயாலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரலோடு இந்த விவரம் நிற்கும். ஒரு பாட்டைச் சொன்னால், "இதை யாரிடம் கற்றீர்கள்?" என்றும் கேளுங்கள்.

அனுமதி அவசியம்

பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் குர்ஆன் (49:12) தடுக்கிறது. ஒருவருக்குத் தெரியாமல் அவர் பேச்சைப் பதிவது நமக்குத் தகாது. கருவியைக் கண்முன் வைத்து, அனுமதி கேட்டுப் பதியுங்கள். "இதை நிறுத்து" என்றால் உடனே நிறுத்துங்கள். "இதை அழித்துவிடு" என்றால் அழியுங்கள். குடும்பத்துக்குள் மட்டும் இருக்கட்டும் என்று ஒரு தாய் சொன்னால், அது அமானிதம். வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. பெண்களின் பேச்சை மகளோ பேத்தியோ பதிந்தால் அவர்கள் கூச்சமின்றிப் பேசுவார்கள்.

கடன், வசிய்யத் போன்றவற்றை ஒலிப்பதிவோடு விட்டுவிட வேண்டாம். கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் குர்ஆன் (2:282) கட்டளையிடுகிறது. பதிவு நினைவுக்கு உதவும். ஆவணத்தின் இடத்தில் அது நிற்காது.

பதிந்த பிறகு

அன்றைக்கே கணினிக்கு மாற்றுங்கள். ஒன்று கணினியில், ஒன்று பென்டிரைவில், ஒன்று வேறு வீட்டில் உள்ள உறவினரிடம் என மூன்று பிரதிகள் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். கோப்பு சுருங்காமல் போகும். ஆண்டுக்கு ஒரு முறை திறந்து கேட்டுப் பாருங்கள். கெட்டுப்போன பென்டிரைவ் வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: இந்த வாரம் வீட்டில் மூத்தவரிடம் இருபது நிமிடம் உட்காருங்கள். "நீங்கள் ஓதப் போன மதரஸா எப்படி இருந்தது? முதல் சம்பளம் எவ்வளவு? உங்கள் உம்மா என்ன பாட்டுப் பாடித் தூங்க வைப்பார்கள்?" என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர்கள் யோசிக்கும் நேரத்தில் நாம் குறுக்கிட்டால், வரவிருந்த சொல் திரும்பிப் போய்விடும்.

காது மங்கியவர், நினைவு தடுமாறத் தொடங்கியவர் வீட்டில் இருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். நல்ல கருவி வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். கையில் இருப்பதைக் கொண்டு இன்றே பதியுங்கள்.

நம் பெரியவர்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் ஆஃபியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.